பேர் வெட்டிய முறுக்கு அச்சு

தாராவி, மும்பை
புதன்கிழமை

அன்புள்ள பிரேமலதாவுக்கு,

உன் மைனி பேராச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பதைப் படத்திலேயே பார்த்துவிட்டேன். தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் முறுக்கு. சபையின் தொண்டு ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். நம் முறுக்குக் குழுக் கூட்டத்துக்குப் போனால் அதன் கீழேதான் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த முறுக்கு நீ இங்கிருந்து கொண்டுபோனது. நான் சுற்றிய சுற்று எனக்குத் தெரியாதா?

உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் வேலை இல்லை, வயிற்றெரிச்சல். பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். ஆப்பிரிக்காப் பெண்களுக்கு முறுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்க மலாவிக்குப் போயிருக்க வேண்டியவள் நான். ஏழு வருஷம் குழுவை நடத்தினேன். உனக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுத்தேன். சபைக்காரர்கள் ஆள் தேர்ந்தெடுக்கச் செம்பூருக்குக் கூப்பிட்ட அன்று, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என் கையில் காப்புக் கட்டியிருந்தது. கொடை முடியாமல் எல்லை தாண்டலாமா? வெவரத்த மட்டும் சொல்லிட்டு வாரேன் மைனி என்றாய். போனாய், சொன்னாய், விமானமும் ஏறிவிட்டாய். உன்மேல் குற்றம் சொல்ல வழியில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. அம்மனைக் கோபிக்கவும் பயம்.

உன் மாமியாருக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் எட்டிப் பார்க்கிறேன். கோபம் உன்மேல்தானே, அவர்மேல் என்ன? கிங்ஸ் சர்க்கிள் கடை நாணு அண்ணனும் பிரேமலதா எப்ப வருவா என்கிறார். அவருக்கு ஏழு வருஷமாக முறுக்குப் போடுகிறவள் நான். என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பாரா?

போன வாரம் நம் குழுவைக் கவனிக்கிற ஆபிதா மேடம் வீட்டுக்கு வந்தார். மக்காச்சோள மாவில் நீங்கள் பிழிவதெல்லாம் எண்ணெயில் உதிர்ந்து போகிறதாம். மாதக் கடைசிக்குள் சரிவராவிட்டால் வேலையை மூடிவிட்டு உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். பிரேமா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதாவது வழி தெரியுமா என்று கேட்டார். கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வீடியோ காட்டினார். முதுகில் கைக்குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி, சட்டியிலிருந்து தூளை அரித்தெடுத்தபடி ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். தன் கைக்கு ராசியில்லை என்கிறாளாம். என் வீட்டுக்காரர், உன் அண்ணன், தவறிய வருஷம், முதல் ஈடு உதிர்ந்தபோது நானும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதையேதான் சொல்லி அழுதேன். அன்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு மாதம் பிள்ளைகளுக்கு அந்தத் தூளைத்தான் போட்டேன்.

அதனால் கேட்டுக்கொள். அந்த மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி, மூடி வை. கை பொறுக்கிற சூட்டில் நன்றாகப் பிசை. நாலு பங்குக்கு ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு சேர். கிடைக்காவிட்டால் அந்த ஊர்ப் பயறு எதையாவது வறுத்துத் திரித்துக்கொள். கோளாறு மாவில்தான், கையில் இல்லை என்று அவளிடம் மறக்காமல் சொல்.

ஆபிதா மேடம் சனிக்கிழமை அங்கே கிளம்புகிறார். இந்தக் கடிதத்தோடு என் பித்தளை அச்சையும் கொடுத்தனுப்புகிறேன். மைனி மனசு ஆறிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. முறுக்கு நன்றாக வந்தால் மறுபடியும் படம் எடுப்பார்கள், அதையும் சுவரில் மாட்டுவார்கள். அந்தப் படத்தில் அச்சை நீ பிடிக்காதே. அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் கொடு. என் பேர் வெட்டியிருக்கிற பக்கம் வெளியே தெரியட்டும்.

அம்மன் உங்கள் எல்லோர் அடுப்பையும் காக்கட்டும்.

இன்னும் எரிச்சல் தீராத உன் மைனி,
பேராச்சி