விக்கல் எடுத்த பெட்டி

ஜூன் 11, புதன்

இன்று அப்பாவிடம் சொல்லாமல் விட்டது: அந்த ஃபோல்டர் இல்லை என்பதை.

காலையில் பேச்சுப் பயிற்சி மேடம் போன் செய்தார். “மாசக் கடைசிக்குள்ள ரெக்கார்டிங் எல்லாத்தையும் அனுப்பிடுங்கம்மா. அதுக்கப்புறம் நாங்க பாத்துக்கறோம்.” அவர்களிடம் கொடுத்துவிட்டால் போதும், அப்பா போனில் தட்டுவதை எல்லாம் அது அப்பாவின் குரலிலேயே பேசும். அதற்காகத்தான் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆயிரத்து நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். குரல்வளையை எடுத்து இன்றோடு இருபத்தாறு நாள்.

போனை வைத்ததும் கோப்புகளை எடுக்கப் போனேன். ‘சோதனை’ என்றொரு ஃபோல்டர் இருந்தது. மார்ச் 29. முப்பத்தொரு வாக்கியம். அவ்வளவுதான். ‘அப்பா குரல்’ என்று நான் பெயர் வைத்த ஃபோல்டர் எங்கும் இல்லை.

அப்பா வெள்ளைப் பலகையைத் தூக்கிக் காட்டினார். ‘எப்ப வரும்?’

“சீக்கிரம்பா.”

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, எழுதியதைச் சட்டைக் கையால் அழித்தார். அம்மா வழக்கம்போல, “துடைக்கத் துணி குடுத்திருக்கேன்ல, சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

ஜூன் 12, வியாழன்

யோசித்துப் பார்க்கிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே புரியும்.

பெட்டியைச் செய்தது நான். அலுவலகத்தில் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர், புதிதாக வாங்கிய இரண்டு டிஸ்க். வீட்டில் யார் எதைச் சேமித்தாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் விரலை மடக்கி மடக்கி விளக்கினேன். அண்ணன் வெளியூரிலிருந்து, “எதுக்கு இந்த வேலை? ஆன்லைன்ல போட்டுட்டுப் போக வேண்டியதுதானே” என்றான். “நம்ம வீட்டு சாமானை அடுத்தவன் வீட்ல ஏன் வைக்கணும்?” என்று கேட்டேன். அந்தப் பதிலை நான் ரொம்ப ரசித்தேன். நாலு பேரிடம் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை, அப்பாவின் பதிவை முறையாகத் தொடங்கினோம். எதிரொலி வரக்கூடாது என்று துணி அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, அப்பாவை உள்ளே உட்கார வைத்தேன். இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். “பிரேக்! பிரேக்க மிதிமா!” என்று கத்தியே தெருவுக்கெல்லாம் தெரிந்தவர். அவரைப் போய் அலமாரிக்குள் மெதுவாகப் பேசச் சொன்னால்?

என் லேப்டாப்பில் இடமில்லை. பதிவு நேராகப் பெட்டிக்குள் போகும்படி வைத்திருந்தேன்.

அன்று பெட்டி கத்த ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ‘கீக்’. ஒவ்வொரு ‘கீக்’குக்கும் ஒரு வாக்கியம் பாழ். அடுப்படியிலிருந்து அம்மா, “உன் பொட்டிக்கு விக்கல் எடுக்குதுடி, தண்ணி காட்டு” என்றாள். அலமாரிக்குள்ளிருந்து அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு டிஸ்க் நின்றுவிட்டது, இனி ஒன்றை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்து, சத்தம் போடும் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளைப் பிடுங்கினேன். பதிவு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அப்பாவின் குரல் சுத்தமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் பிடுங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

‘அப்புறம்’ வந்தது ஜூன் 1-ஆம் தேதி. இரண்டு மாதம் கழித்து.

நின்றுபோன டிஸ்கின் எண்ணைத் திரை காட்டியது. அதே எண் டிஸ்கின் முதுகிலும் அச்சாகியிருக்கும். வெளியே இழுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. பெட்டியில் ‘1’, ‘2’ என்று நானே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்போது எண்ணை யார் படிப்பார்கள்? ஏப்ரலில் நின்றது இரண்டாவது இடத்தில் இருந்தது, அதனால் இரண்டாவதை உருவினேன்.

ஆனால் மே மாதம் அப்பா அறையில் கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. பெட்டியை நடைக்கு மாற்றும்போது கனம் குறையட்டும் என்று இரண்டு டிஸ்கையும் எடுத்துவிட்டு, அப்புறம் கைக்கு வந்தபடி செருகினேன். ஸ்டிக்கர் பெட்டியில்தான் இருந்தது, டிஸ்கில் இல்லை.

உருவியது நல்ல டிஸ்க்.

மிச்சமிருந்ததை வைத்துப் பெட்டி திறக்க மறுத்தது. கட்டாயப்படுத்தித் திறக்க ஒரு கட்டளை உண்டு. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டுவிட்டுத்தான் செய்யும். நிச்சயம் என்றேன். திறந்தது. அண்ணன் கல்யாணப் படம், அம்மாவின் பழைய சான்றிதழ்கள், எல்லாம் இருந்தன. திறந்தது ஏப்ரல் நாலோடு தூங்கிப்போன டிஸ்க். அதற்கு அப்புறம் இந்த வீட்டில் நடந்த எதுவும் அதற்குத் தெரியாது. நான் அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்திருக்கிறேன்.

உருவிய டிஸ்கை ஜூன் 3 அன்று வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். வாரண்டி இருந்தது. புதியது தந்தார்கள்.

அப்பாவின் குரல் அந்தக் கடையில் இருக்கிறது. இருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

இல்லை.

“அது வியாழக்கிழமை வண்டில போயிருச்சே மேடம்” என்றார் கடைக்காரர். “பழசத் திருப்பிக் குடுங்கன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான். கல்யாணம் பண்ணி அனுப்பியாச்சு. இனி சம்பந்தி வீட்லதான் கேக்கணும்.”

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது. சர்வீஸ் சென்டர் முகவரியை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். “என்ன இருந்துச்சு அதுல?”

“எங்க அப்பா பேசுனது.”

“ஓ. வீட்ல நடந்த பேச்சா?”

“ஆமா” என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா மறுபடி கேட்டார். “அனுப்பிட்டேன்பா” என்றேன். நேற்றுவரை சொல்லாமல் இருந்தேன். இன்று பொய் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு பஸ். டோக்கன் எண் நாற்பத்தேழு. கவுன்டரில் என் வயதுள்ள ஒரு பெண். எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

“இது டெஸ்ட் முடிஞ்சிருச்சே. கோளாறு ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்க. எதுக்குங்க நல்ல டிஸ்கக் குடுத்தீங்க?”

“டெஸ்ட்னா…”

“மொத வேலையே முழுசா அழிக்கிறதுதான். மேல ஃபுல்லா எழுதி அழிப்பாங்க. அதுக்கப்புறம் எந்த மந்திரவாதி வந்தாலும் எடுக்க முடியாது.” படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே இருப்பவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து. “இது உங்களோடதுதானே?”

என்னோடதுதான். அழகாகப் போட்டிருந்தேன்.

“காப்பி வச்சிருப்பீங்கல்ல?” என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். படிவத்தை அவள் பக்கமே தள்ளி வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

புத்தகங்களில் தப்புச் செய்தவர்கள் ஒன்று உடனே ஒப்புக்கொள்கிறார்கள், இல்லை முந்நூறு பக்கம் தவிக்கிறார்கள். நான் பாத்திரம் கழுவுகிறேன். இன்று கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

உண்மையில் நேற்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எதற்காக அழுதேன்? அப்பா குரலுக்காகவா? இல்லை, ‘இவளுக்கு எல்லாம் தெரியும்’ என்று இந்த வீடு நம்புகிறதே, அது போய்விடுமே என்றா? நேர்மையாகச் சொன்னால், முதலில் வந்தது இரண்டாவது.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கத் தெரியாது. சரிபார்க்கக் கூடிய ஒரே ஆள் நான்தான். கம்பி பிடுங்கியதும் ஸ்டிக்கரை நம்பியதும் கையெழுத்துப் போட்டதும் என்னோடு போய்விடும்.

ஜூன் 19, வியாழன்

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். ஒத்திகை மாதிரி. “டிஸ்க் செத்துப்போச்சுண்ணா.”

“ரெண்டுமேவா?”

“ரெண்டுமே.”

“அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ? மிஷினு. அழாத. நான் அப்பாகிட்டப் பக்குவமா சொல்றேன்” என்றான். ஏப்ரலிலேயே, ‘ஒரு காப்பி எனக்கும் அனுப்பு’ என்று கேட்டவன் அவன். ‘பெட்டி இருக்குல்ல’ என்று அன்று அவன் வாயை அடைத்தவள் நான். ஒரு வார்த்தை அதை எடுத்துக் குத்திக்காட்டவில்லை.

ஆறுதல் இவ்வளவு எரியும் என்று தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணன் அப்பாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை, இன்றைக்குப் பேசலாம் என்று இருந்தானாம். அதற்குள் மத்தியானம் அப்பா ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். குரல் வந்ததும் முதலில் பேச வேண்டியவை. வரிசையாக எழுதியிருந்தார். ‘பெரியவனுக்கு போன் போட்டு, “டேய், உயிரோடதான் இருக்கேன், வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசு.”’ ‘பக்கத்து வீட்டுக்காரர் வண்டிய ரிவர்ஸ் எடுக்கும்போது, “ஒடி! ஒடி! நேராக்கு!”’ ‘உங்க அம்மாவ பேர் சொல்லிக் கூப்பிடணும்.’

அந்த மூன்றாவது வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

“அப்பா, அது இல்லப்பா. நான் தொலைச்சுட்டேன். டிஸ்க் சாகல. ஒண்ணுமே சாகல. ஏப்ரல்ல ஒண்ணுக்கு கேபிள் லூசா இருந்திருக்கு, அவ்ளோதான். நான்தான் கம்பியப் புடுங்குனேன், நான்தான் மாத்தி உருவுனேன், கடையில குடுத்து கையெழுத்தும் நானே போட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட அனுப்பிட்டேன்னு பொய்யும் சொன்னேன். அண்ணன்கிட்டயும் பொய்—”

எவ்வளவு நேரம் பேசினேனோ. அப்பா நின்றுகொண்டே கேட்டார். பிறகு பலகையை எடுத்தார். ‘அஞ்சு வாரம் அலமாரிக்குள்ள உக்காந்தேன்.’ எனக்குக் காட்டினார். அழித்தார். மறுபடி பேனா மூடியைத் திறந்தார், எழுதவில்லை. உள்ளங்கையால் மேசையை அறைந்தார். மூன்று முறை. பேனா தாங்கி கவிழ்ந்து எல்லாம் உருண்டது. பிறகு தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா பேனாக்களைப் பொறுக்கினாள். “அவரு கத்தியிருந்தா தேவலாம்டி” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா பலகையை அம்மாவிடம் மட்டும் காட்டுகிறார். நான் வந்தால் கவிழ்த்து வைக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

அண்ணனுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

“எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?”

“ஒத்திகை பாத்தேன்.”

“நல்லாத்தான் பாத்திருக்க” என்று வைத்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, “அந்த முப்பத்தொண்ணையாவது எனக்கு அனுப்பு. இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்” என்றான். போய்ச் சேர்ந்ததும், “திறக்குது” என்றான். பிறகு அவனிடமிருந்து சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

ஜூலை 2, புதன்

பேச்சுப் பயிற்சி மேடத்திடம் போனோம், மூவரும். முப்பத்தொரு வாக்கியம் போதாது. தயாராக இருக்கும் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஏன் இப்படி ஆனது என்று மேடம் கேட்டபோது நானே சொன்னேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

முதல் குரலுக்கு அப்பா எழுதினார்: ‘செய்தி வாசிக்கிறான்.’ இரண்டாவது: ‘ஏதோ விக்க வந்திருக்கான்.’ மூன்றாவதுக்கு எழுதவே இல்லை, மூக்கைச் சுருக்கினார். நான்காவதை மூன்று முறை போடச் சொன்னார். ‘இவன் பரவாயில்ல. எட்டு போடச் சொன்னா போட்டுருவான், லைசன்ஸ் கிடைச்சிரும்.’

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. அப்பா திரும்பிப் பார்த்தார். பலகையைக் கவிழ்க்கவில்லை.

ஜூலை 12, சனி

பிடுங்கிய கம்பிகளைத் திரும்பச் செருகினேன். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, இரண்டு டிஸ்கின் விளிம்பிலும் முழு எண்ணையும் எழுதி ஒட்டினேன். அப்பா நடையில் வந்து நின்றார். பத்து நாளாக அவர் போன்தான் பேசுகிறது, அந்த நான்காவது ஆளின் குரலில். எனக்கு இன்னும் பழகவில்லை; யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் துப்பட்டாவைத் தேடுகிறேன்.

“வேலை செய்யுதான்னு பாத்தியா?” என்றது குரல்.

வேண்டுமென்றே ஒரு டிஸ்கை உருவினேன். ‘கீக்.’

அடுப்படியிலிருந்து அம்மா: “வந்துருச்சா விக்கல்?”

அப்பாவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. அதே சிரிப்பு அலமாரிக்குள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கேயும் இல்லை இப்போது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா குரலில் போன் பேசாது. அது முடிந்த கதை. மீதி இருப்பது பதினொரு நிமிடம். நான்கு இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று அண்ணனிடம், ஒன்று அவன் முதலில் சொன்ன அந்த ஆன்லைனில். அதில் பதினேழாவது வாக்கியம், ‘நான் வெளியே போய் வருகிறேன்.’ படித்துவிட்டு அப்பா தானாகச் சேர்க்கிறார், “எங்கன்னு கேக்காத.” பின்னால் என் குரல், “அப்பா, மைக்க முழுங்காதீங்க.” அப்பா இதுவரை அதைப் போடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவின் பெயர் அதில் இல்லை. நான்காவது ஆள்தான் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

ஜூலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் டீ குடித்ததும் அப்பா என்னிடம் ஒன்று கேட்கிறார். இன்றும் கேட்டார்.

“விக்கல் எடுத்துச்சா?”

எழுந்து நடைக்குப் போனேன். திரையைத் திறந்தேன். இரண்டு எண்ணையும் படித்தேன். திரும்பி வந்து, “எடுக்கலப்பா” என்றேன்.