பிடிபடாத நாலாம் கூடை

சாக்கோட்டை,
வைகாசி 12.

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் நலமாக இருக்கிறோம், பின்லாந்துக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் இதைச் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால்தான்.

ஜூலை லீவுக்கு ஊருக்கு வரவில்லை, நார்வேயில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, அங்கே விளையாடப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா முகத்தில் களை இல்லை. நீ கடைசியாக ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. தட்டை வீசி, சங்கிலி தொங்குகிற கூடையில் விழவைப்பதுதானே விளையாட்டு, அதே கூடை நம் கண்மாய்க்கரையில் இருந்தால் இங்கே வரமாட்டாளா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவனுக்கு வருகிற யோசனை இப்படித்தான் இருக்கும்.

வெல்டிங் பட்டறையில் உன் மாமா மருதுவிடம் நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். அவன் நாலு தடவை பார்த்துவிட்டு, என்ன மச்சான், கோழிப் பஞ்சாரத்தத் தலைகீழா மாட்டுன மாதிரில்ல இருக்கு, இதுக்கா வெள்ளைக்காரன் கைதட்டுறான் என்றான். ஆனாலும் செய்துகொடுத்தான். கம்பத்துக்குப் பழைய போர்வெல் குழாய், மேலே சைக்கிள் ரிம், அதிலிருந்து மாடு கட்டும் சங்கிலி, கீழே கம்பிக் கூடை. மூன்று கூடை அவன் செய்தது, நாலாவதைப் பார்த்துப் பார்த்து நானே செய்தேன். கரையில் ஒன்று, புளியமரத்தடியில் ஒன்று, செம்மண் பொட்டலில் ஒன்று, என்னுடையது கண்மாய்க்கு உள்ளேயே. நீ அனுப்பிய பின்லாந்துப் படத்து ஏரியில் தண்ணீர் இருந்தது, நம் கண்மாயில் இப்போது அது ஒன்றுதான் குறை. சங்கிலியெல்லாம் கூடைக்குப் போய்விட்டதால் மாடுகளை அம்மாவின் பழைய சேலையைத் திரித்துக் கட்டியிருக்கிறேன், அதைப் பற்றி அவள் உன்னிடம் தனியாகப் பேசுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி வைத்தேன். நீ விட்டுப்போன தட்டு இரண்டுதான், மிச்சத்துக்கு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு. மஞ்சுவிரட்டில் மைக் பிடிக்கிற அழகுராஜாவைக் கூப்பிட்டதுதான் நான் செய்த தப்பு, அவன் தனக்குத் தெரிந்த மாதிரியே நடத்திவிட்டான். முதல் மூன்று கூடையிலும் தட்டு விழுந்ததும், கூடை புடிபட்டுருச்சு, புடிச்ச வீரருக்கு ஒரு துண்டு என்று அறிவித்தான். நாலாவது கூடையில் மத்தியானம் வரை ஊரே எறிந்தும் ஒரு தட்டு தங்கவில்லை, சங்கிலியில் பட்டுத் திரும்பிய ஒன்று உன் மாமாவின் முட்டியைப் பதம் பார்த்தது. மானம் போயிற்று, தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று குனிகிறேன், அழகுராஜா மைக்கில், நின்னு வெளையாடுது பாருங்கய்யா, நாலாம் நம்பர் கூடை புடிபடல, கூடைதான் ஜெயிச்சிருக்கு, கூடைக்காரர் சேவுகப்பெருமாள் மேடைக்கு வாங்க என்கிறான். யாரும் பிடிக்காத காளைக்குப் பரிசு கொடுத்துப் பழகிய ஊர், ஒருவருக்கும் இதில் தப்புத் தெரியவில்லை. கூடைக்கு மாலை போட்டு, கம்பத்துக்கு வேட்டி சுற்றி, என் கையில் ஒரு அண்டாவைக் கொடுத்தார்கள். தேவகோட்டைக்காரர் ஒருவர் வந்து, கூடைய விப்பீகளா, அடுத்த வருசம் எங்க ஊர்ல எறக்கணும் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று நானும் காளை வளர்த்தவன் மாதிரி மீசையைத் தடவினேன். அம்மாவுக்கு வந்ததே கோபம், மகளக் கூப்பிடச் சொன்னா கூடைக்கு வெல பேசிக்கிட்டு நிக்கிறீகளே என்றாள்.

இனி சொல்ல வந்தது. அம்மா வாயை அடைப்பதற்காக, அந்த நாலாம் கூடையைப் பிடிக்க என் மகள் ஜூலையில் வருகிறாள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பிவிட்டாள். மறுநாளே மாடி அறையைக் கழுவி, உனக்கு மணகோலப் பலகாரம் சுட மாவு அரைத்து வைத்திருக்கிறாள், ஜூலைக்கு இப்போதே மாவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நார்வே மலையைவிட நம் பொட்டல் அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது, படத்தைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. அங்கேயும் போய்வா, ஒரு வாரமாவது இங்கே வந்துவிட்டுப் போ. டிக்கெட் போட்டால் முதலில் அம்மாவிடம் சொல்.

எந்தக் குறையும் இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் துணையிருக்க நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று, அந்தக் கூடையில் சங்கிலியைத் தொங்கவிடாமல் மேலும் கீழும் நான் இறுக்கிக் கட்டியதுதான் கோளாறாம், மருது கட்டிங் பிளேயரோடு வந்தான், நான் தொடவிடவில்லை. நீ வருகிற அன்றைக்கு விடிகாலையில் போய் நானே அவிழ்த்துவிடுகிறேன், ஊரில் யாரிடமும் மூச்சுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா,
அண்டா வாங்கிய மு. சேவுகப்பெருமாள்