பதினாறு கிலோ வெட்கம்

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். கே.கே. நகரில் காலை எட்டு மணிக்கே கரண்ட் கட். மூன்றாவது கீமோ முடிந்து இரண்டு வாரம், வாயில் இன்னும் இரும்புச் சுவை. சாப்பிட்டது: இட்லி ஒன்று. வெளியே வந்தது: அதே இட்லி.

ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனார் விஜயா தூக்குவாளியோடு வந்தாள். கொள்ளுக் கஞ்சி. கொழுப்பைக் கரைக்குமாம். சினைப்பையில் புற்றுநோய் வந்ததே உடம்பு பெருத்ததால்தான் என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள். "இளைச்சிட்டீங்க அண்ணி, இப்பதான் லட்சணமா இருக்கீங்க" என்றாள். தலையில் முடி இல்லை, புருவம் இல்லை, லட்சணம் மட்டும் வந்துவிட்டதாம். அவள் போனதும் கஞ்சியை வாழைக்கு ஊற்றினேன்.

மே 8, வியாழன்

வெயில். வெளியே போகவில்லை. வாங்க வேண்டியது: எலுமிச்சை, பினாயில், இவருக்கு ஷேவிங் பிளேடு.

தில்லை நகர் டாக்டர் ஞாபகம் வந்து பல்லைக் கடித்தேன். போன வருஷம் வயிறு உப்பிப் போய் அவரிடம் காட்டினேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை, வயிற்றில் கை வைக்கவில்லை. "வாக்கிங் போங்கம்மா, அரிசியைக் குறைங்க." ஃபீஸ் வாங்கிக்கொண்டார். நானும் மாதக்கணக்கில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளே இருந்தது கொழுப்பு இல்லை, புற்றுக்கட்டியால் கோத்த நீர். ஒல்லியாக ஒருத்தி அதே வயிற்றோடு போயிருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எழுதியிருப்பார். குண்டுப் பொம்பளைக்கு என்ன வந்தாலும் அது குண்டுதான். இந்த லட்சணத்தில் சுவர் முழுக்கப் பட்டம் மாட்டியிருக்கிறார், மடையர்.

மே 13, செவ்வாய்

நாலாவது கீமோவுக்குப் போனோம். போடவில்லை.

வார்டில் புது சிஸ்டர். சின்னப் பெண், சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். எடை மிஷினில் ஏறச் சொன்னாள். இதுவரை யாரும் ஏற்றியதில்லை. முதல் தடவை ஆபரேஷன் ஆன உடம்போடு, அரை மயக்கத்தில் வீல் சேரில் போனேன். எடை என்ன என்று இவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுத்த இரண்டு தடவையும் அதையே பார்த்து எழுதினார்கள், சோம்பேறிகள். இன்று ஏறினேன். தொண்ணூற்று ஒன்று. சிஸ்டர் ஃபைலைப் பார்த்தாள், இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். அதே தொண்ணூற்று ஒன்று. ஃபைலில் எழுபத்தைந்து.

யார் சொன்னது என்று கேட்டாள். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் வந்தார். பெண். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர், இத்தனை பேரில் ஒருத்தராவது. உயரம், எடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் வைத்துத்தான் மருந்தின் அளவாம். உடம்பு பெரிதாக இருக்கிறவர்களுக்குக் குறைத்துப் போட்டால் நோய் திரும்பிவர இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். இப்போது இளைக்கவும் கூடாதாம். கொள்ளுக் கஞ்சி பற்றிச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

முன்னே போட்ட மூன்றும் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பலன் குறைஞ்சிருக்கலாம்மா. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. எடை பாக்காம விட்டது எங்க தப்பு. இனிமே முழு அளவு போடுவோம்."

இன்று ரத்தம் எடுத்தார்கள். மருந்து நாளைக்கு.

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்தேன். முதலில் தெரியாது என்றார், பிறகு மறந்துவிட்டது என்றார், கடைசியில்தான் உண்மை. அன்றைக்கு வரிசையில் பத்துப் பேர், பக்கத்தில் விஜயா.

"எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சிரிச்சிடுவாங்களேன்னு குறைச்சுச் சொல்லிட்டேன்."

என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றா? குண்டுப் பொண்டாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. எனக்குத் தெரியாதா. பெரிய கடை வீதியில் எங்கள் பாத்திரக் கடையில், பித்தளை அண்டாவை நிறுக்கும்போது தட்டைத் துடைத்துத் துடைத்து வைப்பார், பத்து கிராமுக்கு வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பார். பெண்டாட்டியில் பதினாறு கிலோவை வாயைத் திறந்து முழுங்கிவிட்டார். கல்யாண மண்டபங்களிலும் இதே வேலைதான். போட்டோ எடுக்கும்போது என்னைப் பின் வரிசையில் நிற்கச் சொல்வார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு விட்டேன். இதை எப்படி விட.

அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் யாருக்கும் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது. எனக்குச் சாக இஷ்டமில்லை.

மே 14, புதன்

காலையில் நாலு இட்லி. வாந்தி வந்தது, அடக்கிவிட்டேன். விஜயா போன் செய்தாள், எடுக்கவில்லை.

வார்டில் கூட்டம். சிஸ்டர் மறுபடி எடை கேட்டபோது இவர் வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். மிஷினில் ஏறி நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி நானே சொன்னேன்: "தொண்ணூத்தி ஒண்ணு." மூலையில் ஒருத்தி சிரித்தாள். இவர் குனிந்துகொண்டார்.

"சிரிக்கட்டுங்க. அதைக் கேக்க நான் உயிரோட இருக்கணும்."

மருந்து ஏறுகிறது. கை குளிர்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது, இவர் வெளியே பெஞ்சில். கூப்பிடட்டுமா என்று சிஸ்டர் கேட்டாள். வேண்டாம் என்றேன்.