யமகண்டத்தில் வெடித்த கண்ணாடி

திருவண்ணாமலை,
18-2-1980

அன்புள்ள வேதாவுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்த தந்தியைப் பார்த்து என்னமோ ஏதோ என்று நீயும் மாப்பிள்ளையும் பதறியிருப்பீர்கள். நான் சௌக்கியம், என் இரண்டு கண்களும் சௌக்கியம். லீட்ஸ் குளிரில் நீங்கள் இருவரும் அப்படியே இருக்க அண்ணாமலையார் துணை. நீ அனுப்பிய கறுப்புக் கண்ணாடியைப் பற்றித்தான் அந்தத் தந்தி. அதை உபயோகிக்காதே என்று தந்தியில் சொல்லலாம், காரணம் சொல்ல முடியாது, அதனால் இந்தக் கடிதம்.

பார்சல் வந்த நாள் முதல் நான் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை எங்கள் வீட்டுத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் திருகிவிட்டால் கிரகணத்தை நேராகவே பார்க்கலாம், என் மகள் அனுப்பியது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் தெருவில் ஒரு நாய்கூட இல்லை, எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மொட்டை மாடிக்கு வந்தவர் கடிகாரம் பழுது பார்க்கும் நசீர் அகமது மட்டும்தான். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி வந்தாள், ஆனால் வெயிலில் கால் வைக்காமல் மாடிப்படிக் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டாள். நான் கண்ணாடியைத் திருகி, குழாயின் நிழல் தரையில் சின்ன வட்டமாக விழும்படி திருப்பி, குனியப் போனேன். உடனே அவள், அம்மா மூணு மணி வரைக்கும் யமகண்டங்க, இத்தினி வருஷம் பாக்காத சூரியனை இன்னும் கால் மணி கழிச்சுப் பாத்தா தேஞ்சா பூடும் என்று ஒரே கூச்சல். தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குத்தான் அவசரம் என்றேன். நசீர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. கன்னிமாஸ்திரீகளிடம் படித்த எனக்கு யமகண்டமாவது ஒன்றாவது, ஆனால் நாளைக்கும் அவள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று காத்திருந்தேன். சூரியன் நகர நகர, நிழலைப் பார்த்துக் குழாயை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டப் என்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே இரண்டாகப் பிளந்துவிட்டது. நசீர் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அடுப்புல வெச்ச மாதிரி சுடுதும்மா, கண்ணு அங்க இருந்திருந்தா அவ்ளோதான் என்றார். குழாய் அத்தனை வெயிலையும் திரட்டி அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல்தான் கொட்டுகிறது, அது எப்படித் தாங்கும்?

பிறகு உன் அப்பா அந்த நாளில் செய்வதையே செய்தேன், நீ பழைய முறை என்று கேலி செய்வாயே, அதை. உடைந்ததைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் குறி பார்க்க ஒட்டியிருக்கும் சின்னக் குழாயையும் மூடி போட்டு மூடினேன். கண் வைக்கும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வெள்ளை அட்டையை நசீர் பிடித்துக்கொண்டார். யாரும் குழாயில் கண் வைக்கவில்லை. சூரியன் அட்டையில் வந்து விழுந்தது பார், அவ்வளவு துல்லியம்! ஆதிலட்சுமிகூடக் கழுத்தை நீட்டிப் பார்த்து, அப்பளத்தைக் கடிச்சு வெச்ச மாதிரி இருக்குங்க என்றாள். மலை மேல் வெயில் மங்கி, ஒரு மாதிரி செம்பு நிறமாயிற்று.

அந்தக் கண்ணாடியில் இன்னொன்று உன்னிடம் இருக்கிறது, மார்ச்சில் வெயில் வந்ததும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சூரியனைக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். வேதா, அத்தனை பிள்ளைகளும் கண்ணை அதன் பின்னால்தான் வைக்கும். அதைச் சுத்தியால் உடைத்துப் போடு. முழுசாகக் குப்பையில் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அட்டையில் காட்டு. டீச்சர் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்வதற்கு வெட்கப்படாதே. எனக்கும் அது லேசில் வராது. என் கண்ணைக் காப்பாற்றியது அவளுடைய யமகண்டம்தான் என்று ஆதிலட்சுமியிடம் இன்னும் நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள், காட்டட்டும்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் குறையாத பார்வையுமாக இருக்க என் ஆசிகள். உடைத்த துண்டு ஒன்றைப் பதில் கடிதத்தில் வைத்து அனுப்பு, பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
கண்ணாடி இல்லாமலே இதை எழுதும்
உன் அம்மா,
மணியம்மாள்