வாசலில் மூன்று பரங்கிக்காய்

அன்பு மகள் உல்யானாவுக்கு அம்மா மோத்ரியா எழுதுவது. இங்கே நான், பசு, ஏழு கோழிகள் எல்லோரும் சுகம். எட்டாவது கோழியைப் பற்றிக் கேட்காதே. அங்கே இத்தாலியில் உன் உடம்பும், நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவியின் உடம்பும் எப்படி இருக்கின்றன? அவளுக்கு உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து நீயும் அதையே தின்னாதே. ஞாயிற்றுக்கிழமை வேனில் இந்தக் கடிதத்தோடு காய்ந்த காளானும் பூண்டும் வருகின்றன, வேன்காரன் மோந்து பார்த்துவிட்டு ஒரு பிடி எடுத்துக்கொள்வான், விடு. எனக்குப் பள்ளிக்கூடம் நாலு வருஷம்தான், எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் உட்கார்ந்துகொண்டு படி.

எட்டாவது கோழியைக் குனித்சா, அந்த மரநாய்த் திருடி, தின்றுவிட்டாள். உன் செல்லக் கொண்டைக்காரியைத்தான். திருடிக்குக் கறுத்த ரோமம், நீளவால், பூனையைவிட ஒல்லி, படிக்கட்டுக்கு அடியில் ஓட்டை போட்டுக் குடிவந்திருக்கிறாள். அவளை அடைக்கக் கல் தேடினேன், கிடைக்கவில்லை. தோட்டத்தில் இந்த வருஷம் பரங்கிக்காய் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். மூன்றை உருட்டி வந்து வாசற்படி ஓரமாக ஓட்டையை மறைத்து வரிசையாக வைத்தேன். என்ன புத்திசாலி நான் என்று என்னையே மெச்சிக்கொண்டு பால் கறக்கப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் பார்த்தா, குளத்துக்கு அந்தப் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கிறாரே தீமிஷ், அந்த மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வரவேண்டும்? யாரைக் கேட்டு என்று யோசிக்காதே, வீட்டில் நானும் பசுவும்தான் இருக்கிறோம். வந்தவர்கள் வாசலில் பரங்கிக்காயைப் பார்த்திருக்கிறார்கள். பெண் கேட்டு வந்த டிராக்டர்காரன் மகனுக்கு நீ வேண்டாம் என்று சொல்ல ஒரு பரங்கிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பியபோது அவன் அதைச் சுமந்துகொண்டு ஊர் நடுவே போனதும், ஊரே கைதட்டியதும் ஞாபகம் இருக்கிறதா? இவர்களுக்குக் கதவைத் தட்டும் முன்னாலேயே மூன்று. மறுபேச்சில்லாமல் திரும்பிவிட்டார்கள். கொட்டிலிலிருந்து முதுகுகளை மட்டும் பார்த்தேன், சவ ஊர்வலத்துக்குத்தான் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் ஹாப்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி மோத்ரியா, பிடிக்கலேன்னா ஒண்ணு போதாதா? ஆளுக்கொண்ணு எடுத்து வச்சியாமே! கொடை வள்ளல்டி நீ!" என்று ரொட்டி வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். பெண் கேட்கத் தலைமை தாங்கி வந்த ஹோமாவுக்குத்தான் அதிக வருத்தமாம். ஒரு வாரம் ஆடுகளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தாராம். "எங்க இளவரசர் வேட்டைக்குப் போனாரு, ரோமம் பளபளக்கிற குனித்சா ஒண்ணு கண்ணுல பட்டு ஓடிச்சு, அதோட காலடி இந்த வாசல்ல வந்து முடியுது" என்று சொல்ல வேண்டிய வசனம் அவர் வாயிலேயே ஊறிப்போச்சாம். நான் குனித்சாவாம்! ஐம்பத்திரண்டு வயசு, இடுப்பு வலி, முன்பல் ஒன்று காணோம். அந்தப் பெயரும் பாவம் எத்தனை பேருக்குத்தான் உழைக்கும். கோழித் திருடிக்கும் அதுதான், பாதிரியார் மனைவி கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலில் வியர்க்கிறாளே, அந்த ரோமத்தோலுக்கும் அதுதான். ராஜாக்கள் காலத்தில் அந்தத் தோல்தான் காசாக ஓடியதாம், ஹோமா சொல்கிறார். உன் அப்பாவின் சட்டைப்பையை நான் துழாவினால் அவரும் என்னை "அடி குனித்சா" என்றுதான் கத்துவார். அவர் போய் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் சொல்லி என்னைத் தேடி ஒருத்தர் வந்தார் என்று கேட்டதும், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், கதவைச் சாத்தினதும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்த மனுஷன் உள்ளே வந்திருக்க வேண்டும் போல இருந்தது உல்யானா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று நாள் தீமிஷ் குளத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. புதன்கிழமை பட்டப்பகலில் ரொட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு நானே போனேன். ஊர் பார்க்கட்டும். முகத்தில் வலையும் கையில் புகைச்சட்டியுமாக நின்றிருந்தார். நான் ஹோமாவின் வசனத்தைத் திருப்பிப் போட்டேன். "எங்க வீட்டுலேர்ந்து ஒரு கிழட்டுக் குனித்சா கெளம்பிச்சு, ஒரு வேட்டைக்காரரைத் தேடி மோப்பம் பிடிச்சு வந்திருக்கு, காலடி இங்க வந்து நிக்குது" என்றேன். மனுஷன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பரங்கிக்காய் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து ரொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு மரக்கூண்டு. "இது உங்க கோழித் திருடிக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாந்தேன், வாசலைப் பார்த்துட்டு அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார். ஓட்டையை அடைக்க வைத்தது என்று நான் சொன்னதும் வலைக்குள்ளேயே சிரித்துச் சிரித்து இருமினார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்த மூணும் இப்ப எங்க மோத்ரியா?" என்று கேட்டார். "ஒண்ணு அடுப்புல கஞ்சியா இருக்கு, வாங்க" என்றேன்.

மூன்று கிண்ணம் சாப்பிட்டார். கிளம்பும்போது உன் அப்பாவின் படம் சாய்ந்திருப்பதைப் பார்த்து அவரே நிமிர்த்தி வைத்தார், அது அங்கேயேதான் இருக்கும். அக்டோபரில் மாதா திருநாள் முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் உன் வாயால் சரி என்று கேட்காமல் நான் சம்மதம் என்று ஹோமாவின் தோளில் துண்டு கட்டமாட்டேன். பிடிக்கவில்லை என்றால் கடையின் தொலைபேசிக்குக் கூப்பிட்டு என்னிடமே திட்டிச் சொல், ஹாப்காவிடம் சொல்லி அனுப்பாதே. கூண்டில் வைத்த இறைச்சியைக் குனித்சா தின்றுவிட்டுக் கதவு விழும் முன் போய்விட்டாள், அவளும் பெண்தானே.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் கைக்கு வேலையும் காலுக்கு நல்ல செருப்பும் கிடைக்கட்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட மறக்காதே. மீதி இரண்டு பரங்கிக்காயையும் தீமிஷ் நேற்றோடு தின்று தீர்த்துவிட்டார். மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப இனி இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

உன் அம்மா,
கிழட்டுக் குனித்சா மோத்ரியா