வெள்ளிக்கிழமை கண் டாக்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அதன் நலத்தைப் பற்றி அவரே உனக்குப் போனில் விரிவாகச் சொல்லியிருப்பார். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதம் என்றால் கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் ரெண்டு பேரும் எடுப்பதே இல்லையே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாய். கண் டாக்டரிடம் என்று அப்பா சொல்லிவிட்டார். எந்தக் கண் டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் வாரா வாரம் கூப்பிட்டுப் பார்ப்பார்? அதையும் நீ நம்பினாய் பார், இவ்வளவு படிக்க வைத்தும் இப்படியா என்று எனக்கு வருத்தம். நாங்கள் போவது ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு.

எல்லாம் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவால் வந்தது. ஜன்னல் திரையைத் தைத்துக் கொடுக்க மேலே வந்தவள், அக்கா உங்க மாப்பிள்ளை காபிக் கடையில மைக்கைப் புடிச்சுக்கிட்டு உங்க பொண்ணு விட்டுட்டுப் போன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறாராம், எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வந்து சொன்னாரு என்றாள். முகத்தில் துக்கம், கண்ணில் கொண்டாட்டம். மாப்பிள்ளை என்று எழுத இனி எனக்கு உரிமை இல்லை, அவன் இவன் என்று எழுத மனசும் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம் முழுவதும் இன்சூரன்ஸ்காரர் என்றே எழுதுகிறேன், யார் என்று உனக்குத் தெரியும். பிரிந்தது பிரிந்ததாக இருக்கட்டும், என் பெண்ணின் பெயரை நாலு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைப்பதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழை இல்லையே, குடை எதற்கு என்று அப்பா கேட்டார். நான் செருப்பை மாட்டினேன். அவரும் புரிந்துகொண்டு கூடவே வந்தார், என்னைத் தடுக்கவா குடையைப் பிடித்துக்கொள்ளவா என்பது இன்று வரை தெரியாது.

அந்தக் காபிக் கடையில் பின்பக்கம், மாவு மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவருக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு மைக்கும் ஒரு முக்காலியும் போட்டிருக்கிறார்கள். அதன் பெயர் ஓப்பன் மைக். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்து நிமிஷம் பேசலாம், நேரம் முடிந்தால் கடைக்காரர் பின்னாலிருந்து டார்ச் அடிப்பார், உடனே இறங்கிவிட வேண்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன், நல்ல கூட்டம். அப்புறம்தான் தெரிந்தது, கேட்க வந்தவர்கள் நாங்கள் ரெண்டே பேர், மற்றவர்கள் எல்லோரும் பேச வந்தவர்கள். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை மாதிரி தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் சிரிப்பதில்லை. ரொம்ப நன்றாக இருந்தால் மட்டும், இழவு வீட்டில் தலையாட்டுவது போல ஆட்டி, நல்லாருக்கு என்கிறார்கள். குண்டாக இருப்பவர் ஏறியதும் தன் தொப்பையைப் பற்றிப் பேசுகிறார், ஒல்லியாக இருப்பவர் தன் எலும்பைப் பற்றிப் பேசுகிறார், பார்த்தாலே தெரிகிற சங்கதியை எதற்கு மைக் வைத்துச் சொல்ல வேண்டுமோ. பாங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் வாரா வாரம் அதே ஜிம் கதையைச் சொல்கிறார். நம் வீட்டில் அப்பா சொன்ன கதையையே சொன்னால் வயசாகிவிட்டது என்கிறோம், அங்கே அதற்குப் பயிற்சி என்று பெயர். மைக்கையும் வாய்க்குள் போட்டுக் கடிக்கிறார்கள். இத்தனை வருஷம் பஸ் நிலைய விசாரணைக் கவுண்டரில் மைக்கோடு குடித்தனம் நடத்தியவள் நான், கை பரபரத்தது.

இன்சூரன்ஸ்காரர் ஏறினார். இளைத்திருக்கிறார், சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. உன்னைப் பற்றி எப்போது வாயைத் திறக்கிறார் பார்ப்போம் என்று குடைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் மாமியார், மாமியார், மாமியார். மாமியார் பதினோரு மூட்டையோடு வந்து இறங்கினாராம், ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு விசாரணைக் கமிஷன் வைத்தாராம். அப்புறம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, எங்க மாமியார் வந்தா எப்பத்தான் கிளம்புவாங்க, இங்க யாருக்காவது தெரியுமா என்று கேட்டு நிறுத்தினார். அது சும்மா கேட்கிற கேள்வி, யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டமாம். எனக்கு யார் சொன்னார்கள்? ஆயுசில் பாதி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்கியவள். எழுந்து நின்று, ஏழு நாப்பது பஸ்சுக்கு, ஒரு நாள்கூட ராத்திரி தங்கினதில்ல என்று கவுண்டர் குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாங்கிக்காரர் உள்பட அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏற்பாடு செய்து வைத்த விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, டார்ச் அடிக்கும் முன்பே இறங்கிவிட்டார்.

இறங்கியவர் ஓடிவிடுவார் என்று பார்த்தேன், நேராக எங்கள் மேஜைக்கு வந்து, அத்தை சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். திட்ட எடுத்துவைத்த நாலு வார்த்தையும் மறந்தே போனது. பதினோரு மூட்டை இல்ல, ஒரே ஒரு பை, அதுலயும் பாதி உங்களுக்குப் பிடிச்ச பலகாரம் என்று மட்டும் சொன்னேன். ஒரு பைன்னா சிரிப்பு வராது அத்தை என்றார். உண்மைக்கு அங்கே மரியாதை அவ்வளவுதான். கடைக்காரரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நீங்க வாரா வாரம் வரணும், எங்களுக்குன்னு ஒரு ஆடியன்ஸ் வேணும் என்று கெஞ்சினார். சரி, என்னை வைத்துத்தானே பிழைக்கிறார்கள், வேவு பார்த்த மாதிரியும் இருக்கும் என்று போக ஆரம்பித்தோம். நான் லேசில் சிரிக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனாலேயே அங்கே எனக்கு ஏகப்பட்ட மதிப்பு. நான் ஒரு பல்லைக் காட்டினால் போதும், பேசியவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறாராம். அப்பா கதையே வேறு. அவருக்கு ஜோக் புரிய ஒரு ராத்திரி ஆகிறது. வெள்ளிக்கிழமை கேட்டதற்குச் சனிக்கிழமை காலையில் சவரம் செய்யும்போது சிரித்து, கன்னத்தை வெட்டிக்கொள்கிறார். பிளாஸ்திரி எப்போதும் கைவசம் இருக்கிறது.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் தாமதமாகி, அவர் பாதி பேசிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நுழைந்தோம். நாங்கள் வரவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சில பேர் பிரிஞ்சு போறப்போ டிவியை எடுத்துட்டுப் போவாங்க, சில பேர் நாயைக் கூட்டிட்டுப் போவாங்க, என் வீட்டம்மா பெட்டியோட போயிட்டு, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தா, மனசு மாறிட்டான்னு நான் தலையெல்லாம் கோதிக்கிட்டு நிக்கிறேன், நேரா சமையலறைக்குப் போனா, குக்கர் வெயிட்டை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா, இப்ப என் குக்கருக்கு விசிலே கிடையாது, சும்மா புஸ்ஸுன்னு பெருமூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, என்னை மாதிரியே என்றார். இடம் அதிர்ந்தது பாப்பா. நானும் சிரித்துவிட்டேன், மனம்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்த வீட்டம்மா நீ என்பது உறைத்தது. என்னிடம்கூட நீ சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை அப்பா சவரம் செய்யும்போது சிரிக்கப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பாதி முகத்தில் நுரையோடு சமையலறைக்கு வந்து, கரண்டி டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கிடந்த குக்கர் வெயிட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம் குக்கரில் உட்காரவே உட்காராதே, இது எங்கிருந்து வந்தது என்று நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை குப்பையிலேயே போடப் பார்த்தேன். நீ பெட்டியோடு வந்து படுத்த அன்று அது உன் கைப்பையில் வந்து, எப்படியோ கரண்டி டப்பாவுக்குள் போயிருக்கிறது. குக்கரை அங்கேயே விட்டுவிட்டு வெயிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு யாராவது வருவார்களா? சமைப்பதற்காகவா திரும்பிப் போனாய்? பெற்றவளுக்கு இது புரிய ஒரு காமெடிக்காரர் தேவைப்பட்டிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு முன்பே போய் அவரைத் தனியாகப் பிடித்தேன். பாப்பா திரும்பி வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே, ஒண்ணும் சொல்லல அத்தை, வழியில நின்னுக்கிட்டிருந்தேன், அவ உள்ள போகணும்னு நகந்து வழி விட்டேன், வெளிய வரப்பவும் வழி விட்டேன் என்றார். மேடையில் இவ்வளவு பேசுகிற மனுஷன், வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியார் தலையில எத்தனை மூட்டை வேணும்னாலும் ஏத்துங்க, அவ திரும்பி வந்தது அவளோட கதை, அவ சொல்லாம நீங்க சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார். அன்று அந்தக் கதையை விட்டுவிட்டுப் பேசினார். விமானப் பயணம், டிராஃபிக் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. பாவமாக இருந்தது. கடைசியில் பதினோரு மூட்டைக்கு வந்தபோது, ஆயிரம் தடவை கேட்ட அந்தப் பொய்க்கு நான் சத்தம் போட்டுச் சிரித்து வைத்தேன். எனக்கே என் சிரிப்பு அந்நியமாகக் கேட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் பெரிய அரங்கில் அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடியோ எடுத்து உலகம் முழுக்கப் போடுவார்களாம், உன் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர்கூடப் பார்க்கலாம். குக்கர் கதை இருந்தால்தான் மேடையாம். உன்னிடம் கேட்க வேண்டும் என்று உன் விலாசம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நானே கேட்டு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், அது வேண்டாம்தான், அவர் டிராஃபிக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கட்டும், குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. சொல்லட்டும் என்று எழுதினால், வழி விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. அதைக் கேட்ட பிறகும் ஜனங்கள் சிரித்தால் அவர் நல்ல காமெடிக்காரர்தான். சேர்த்து வைக்கப் பார்க்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. மாப்பிள்ளை வேஷம் அவருக்குப் பொருந்தவில்லை, காமெடி வேஷமும் பாதிதான் பொருந்துகிறது. உன் ஊரிலும் இப்படி ஒரு காபிக் கடை இருக்கும். ஒரு நாள் போய் உட்கார்ந்து பார். போனில் நீ சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது. நீயே மேடையேறினாலும் சரி, உன் கதையில் என்னை எத்தனை மூட்டையோடு வேண்டுமானாலும் இறக்கிக்கொள், மைக்கை மட்டும் வாயில் கடிக்காமல் தள்ளிப் பிடி.

வெயிட்டைப் புளி போட்டுத் துலக்கி என் பீரோவில் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, பதிலை மறக்காமல் போடு. எந்த ஊரில் இருந்தாலும் மனசு நிறைந்து நன்றாக இரு. அப்பாவின் ஆசிகளும் உனக்கு. இன்று காலை பாதிச் சவரத்தில் நிறுத்தி, அன்னிக்கு அவர் இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ இருந்திருப்பாளா, கேட்டு எழுது என்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே பழகிப்போன உன் அம்மா சொல்கிறேன், அதற்கு மட்டும் நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பதினோரு மூட்டைக்காரி,
உன் அம்மா