கொத்தனாரின் கைராசி

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் இருமல் தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். நேற்று மழையில், ஒரு வீட்டு வாசலில் நான் வெட்டிய உறிஞ்சுகுழிக்குள் நானே வழுக்கி விழுந்தேன். "தண்ணி இறங்கத்தானய்யா குழி வெட்டச் சொன்னேன்!" என்று மேஸ்திரி சிரித்தார். கணுக்கால் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

நம் வாசலில் ஊர்க் கொத்தனார் உறிஞ்சுகுழி வெட்டியதைப் பற்றி நீ போனில் சொன்னதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். "ஒரு சொட்டு நிக்கலைங்க. கொத்தனார் அண்ணனுக்கு என்னா கைராசி!" என்றாய். முன்பின் தெரியாதவர்கள் வீட்டு மழைத்தண்ணீரையெல்லாம் வடியவைக்கிற என் கைக்கு ராசி இல்லையா? நம் கூரைத் தண்ணீர் எவனோ வெட்டிய குழியில் இறங்குவதை நினைத்தால் வயிறு எரிகிறது. அண்ணன் என்று கூப்பிடுகிறாயே என்றுதான் பொறுத்துக்கொள்கிறேன். டீ போட்டுக் கொடுத்தாயா? என் டம்ளரிலா?

அடியில் பெரிய ஜல்லி போட்டாரா என்று கேள். வேண்டாம், கேட்காதே. அவரோடு என்ன பேச்சு? ஞாயிற்றுக்கிழமை போனைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்று. இறங்குகிற சத்தத்தை வைத்தே வேலை எப்படி என்று சொல்லிவிடுவேன். அப்படியே நீயும் கொஞ்ச நேரம் பேசு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குழி என்றைக்காவது அடைத்துக்கொண்டால் அவரைக் கூப்பிடாதே. வாசலில் தண்ணீர் நிற்கட்டும். நான் வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்